தொலைந்த பொதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கோயிலொன்றின் தைப்பூசக் காவடியை நேரலையாக அனுப்புவதும், அதே ஊரிலிருந்து கணக்குக் கோப்புகளை ஐரோப்பாவிலுள்ள சர்வருக்கு ஏற்றுவதும் ஒரே வடத்தின் வழியே நடக்கலாம். ஆனால் வழியில் பொதிகள் (தரவு பிரித்தனுப்பப்படும் சிறு துண்டுகள்) தொலைந்தால் இரண்டுக்கும் ஒரே தீர்வைக் கையாள்வதுதான் நான் அதிகம் காணும் தவறு. கோப்பில் ஒரு பைட் குறைந்தாலும் அது பழுதாகும் என்பதால், தாமதமானாலும் தொலைந்ததை மீண்டும் அனுப்பும் டிசிபி (TCP) என்ற இணைய நெறிமுறை அங்கே பொருந்தும். நேரலையிலோ, நாதஸ்வர ஒலியின் 20 மில்லிவினாடித் துண்டு தன் முறை கழிந்தபின் வந்து சேர்ந்தால் யாருக்கும் பயனில்லை. ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். ஆகவே ஐரோப்பாவுக்குச் செய்தி போய்த் திரும்பவே 100 மில்லிவினாடிக்கு மேலாகும். இவ்வளவு தொலைவுக்கு உரையாடலோ நேரலையோ அனுப்புவோர், மறுபடி கேட்டுப் பெறுவதை மட்டும் நம்பாமல், தானாக மறுபடி அனுப்பாத யூடிபி (UDP) நெறிமுறையின் மேல் சிறிதளவு கூடுதல் தரவைச் சேர்த்தனுப்பி, விடுபட்டதைப் பெறுபவரே மீட்டுக்கொள்ள வழிசெய்வது நல்லது.

அடுத்த தவறு ஆபத்தானது: யூடிபியைக் கொண்டு சொந்தமாக நிரல் எழுதுவோர், ‘வந்து சேர்ந்தது’ எனப் பெறுபவர் அனுப்பும் ஒப்புகை வராத பொதியை இடைவிடாமல் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பொதிகள் பெரும்பாலும், அவற்றை வழிநடத்தும் கருவியான ரவுட்டரின் காத்திருப்பு வரிசை நிரம்பியதால்தான் கைவிடப்படுகின்றன. அந்த நேரத்தில் மேலும் அனுப்பினால் நெரிசல் முற்றும். 1986 அக்டோபரில், ஒன்றுக்கொன்று அருகிலேயே இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்ததை ஆராய்ந்தே, கணினி வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளை வெளியிட்டார். 2024 மே 12 அன்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையையொட்டிச் செல்லும் ஈஸி, சீகாம் ஆகிய இரு கடலடி வடங்களும் ஒருசேரப் பழுதானபோது நேர்ந்ததுபோல, எஞ்சிய பாதைகளில் சுமை கூடும் நாள்களில் இந்த ஒழுக்கம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு முறை தவறும்போதும் காத்திருப்பு நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். மறுமுறை அனுப்பிய பொதியைக் கொண்டு பயண நேரத்தை அளக்கவும் கூடாது. வந்த ஒப்புகை முதற்பொதிக்கா இரண்டாவதற்கா என்பது தெரியாது.

வரிசை மாறி வந்ததை உடனே தொலைந்ததாக எண்ணுவதும் பிழை. டிசிபி வழக்கமாக ஒரே ஒப்புகை மேலும் மூன்று முறை திரும்ப வரும்வரை பொறுத்திருப்பது இதற்காகவே.

சோதிக்கும்போது, பொதி செல்லும் வழியிலுள்ள ரவுட்டர்களைப் பட்டியலிடும் ட்ரேஸ்ரூட் கருவியில் இடையிலுள்ள ஒரு ரவுட்டர் மட்டும் பதிலளிக்கவில்லை என்பதற்காக அதன்மேல் பழி போடாதீர்கள். பல ரவுட்டர்கள் இத்தகைய பதில்களைக் கட்டுப்படுத்தியே அனுப்பும். இழப்பு இறுதி இலக்குவரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். பாதுகாப்புக்கென வலையமைப்பின் பிழை அறிவிப்புகளைக் கொண்டுசெல்லும் ஐசிஎம்பி (ICMP) நெறிமுறை முழுவதையும் ஃபயர்வாலில் அடைப்போருக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது: ‘பொதி பெரிதாக உள்ளது’ என்ற அறிவிப்பு அனுப்புநரை எட்டாததால், சிறிய பொதிகள் தடையின்றிச் செல்ல, பெரியவை மட்டும் சுவடின்றி மறைந்துபோகும்.