போர் கண்ட பிள்ளைக்குத் துணை நிற்கையில் நேரும் பிழைகள்

“நடந்ததைச் சொல்லு ராசா, சொன்னால் பாரம் குறையும்.” போர்ப் பகுதியிலிருந்து வந்த பிள்ளையிடம் பெரியவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். முதல் பிழையும் இதுதான். 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வெளியேறிய மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அத்தகைய இடங்களில் பதிவுக்கு வருபவர், உதவிக்கு வருபவர், செய்திக்கு வருபவர் என எல்லோரும் ஒரே பிள்ளையிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். கேட்டவர் மாலையில் போய்விடுவார். கிளறப்பட்ட நினைவோடு அந்த இரவைக் கூடாரத்துக்குள் பிள்ளை தனியே கடக்க வேண்டும்.

பயங்கர அனுபவம் நேர்ந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகள் அதில் பலன் காணவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் கூடும் என்றே காட்டின. எதையும் தானாகத் தீர்மானிக்கும் உரிமையைப் போர் பிள்ளையிடமிருந்து பறித்திருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்பதையாவது அதனிடம் விட வேண்டாமா?

அதற்காகப் பிள்ளை தானாகத் தொடங்கும்போது பேச்சை மாற்றிவிடக் கூடாது. பக்கத்தில், அதே உயரத்தில் உட்காருங்கள். “பிறகு என்ன? எத்தனை பேர்?” என்று விவரம் தோண்ட வேண்டாம். “அது உனக்குச் சரியான பயமாக இருந்திருக்கும்” போன்ற ஒரு வாக்கியம் போதும். பிள்ளை நடுங்கினாலோ வெறித்துப் பார்த்தாலோ, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சேர்ந்து சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் அதனுடன் யார் இருப்பார் என்று தெரிந்த பிறகே எழுந்து போங்கள்.

ஓவியமும் இப்படித்தான். “போரை வரை” என்று தாளை நீட்டுவது கேள்வி கேட்பதன் இன்னொரு வடிவம். விரும்பியதை வரையட்டும். செல் (எறிகணை) விழும் படமும் வரும், மாமரமும் வரும். கறுப்பு நிறம் கூடுதலாக இருந்தால் மனச்சோர்வு என்று படத்தைச் சாத்திரம் பார்ப்பது போல வாசிக்காதீர்கள். கையில் அந்த ஒரு கலர்தான் இருந்திருக்கலாம். விளையாட்டில் பதுங்குகுழி வெட்டுவது, செத்த வீடு நடத்துவது எல்லாம் பிள்ளை தன் அளவில் விஷயத்தைச் செரிக்கும் வழி. தடுக்க வேண்டியதில்லை. யாருக்காவது அடிபடும்போதும், அதே காட்சி நாள்தோறும் மாறாமல் சுழன்று ஒவ்வொரு முறையும் பிள்ளை கூடுதலாகக் கலங்கி எழும்போதும் மட்டும் இடையில் புகுங்கள். அப்போதும் “நிறுத்து” என்பதைவிட “காயப்பட்டவரை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?” என்று கதைக்கு ஒரு வாசல் திறந்துவிடுவது நல்லது.

முதல் வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், வயிற்றுவலி, தாயின் சேலையை விடாமல் பிடித்திருத்தல் எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் (PTSD) என்ற பெயரை ஒரு மாதம் கடக்கும் முன் வைக்கவே முடியாது. எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது: “சின்னப் பிள்ளைதானே, மறந்திடும்.” மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வார்த்தை இல்லாமல் இருக்கலாம், உடம்புக்கு நினைவிருக்கும். பேசத் தொடங்கிய பிள்ளை பேச்சை விடும், பாயை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கும்.

பாய் நனைவதற்குத்தான் அதிகம் அடி விழுகிறது. பயத்தால் வந்ததை இன்னொரு பயம் கூட்டவே செய்யும். முதலில் கழிப்பிடத்தைப் பாருங்கள். முகாமில் அது தூரத்தில், வெளிச்சமில்லாமல் இருந்தால் பிள்ளை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். ஒரு டார்ச்சும் கூடப் போக ஒருவரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரலாம். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் மட்டும் குறைத்து, படுக்கும்போது ஒருமுறை போய்வரச் செய்து, மாற்றுத் துணியைப் பாயருகில் வையுங்கள். நனைந்தால் மற்றப் பிள்ளைகள் எழும்பும் முன் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள். தூக்கத்துக்கென்று வேறு யாருக்கோ எழுதிய மாத்திரையில் பாதியைக் கொடுப்பது ஆபத்து. அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் இவ்வகை அமைதியூட்டி மருந்துகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது இழப்பைச் சொல்வது. “அப்பா வெளிநாடு போயிட்டார்” என்ற பொய்யைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நாள் உடைத்துவிடும். பிறகு வீட்டில் யார் சொல்வதையும் பிள்ளை நம்பாது. “நித்திரையாகிட்டார்” என்று சொன்னால் நித்திரைக்கே பயப்படும். “செத்துப்போனார், இனி வரமாட்டார், உன்னால் நடந்ததல்ல” என்ற மூன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். மூன்றாவதை மறக்கவே கூடாது. தான் குழப்படி செய்ததால்தான் இது நடந்தது என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. எட்டு, அந்தியேட்டி ஆகிய சாவுச் சடங்குகளின்போது பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். என்ன நடக்கும், யார் அழுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லி, வர விருப்பமா என்று கேளுங்கள். வந்தால் அதன் கையைப் பிடித்திருக்க ஒருவர் வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின், அதாவது உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவரின், பிள்ளைக்கு இந்த வழியும் கிடையாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, 2009இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு எட்டு வயது. படத்தில் மட்டுமே பார்த்த தகப்பனுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? “ஏற்றுக்கொள்ளுங்கள், திவசம் கொடுத்துவிடுங்கள்” என்று உளவளத்துணையாளர் தள்ளினால் அது குடும்பத்துக்குத் துரோகமாகப் படும். “கட்டாயம் வருவார்” என்பதும் உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. “எங்கே என்று தெரியாது, தேடுகிறோம்” என்பதுதான் உண்மை. தாய் பொட்டு வைப்பதா இல்லையா, திவசம் கொடுப்பதா இல்லையா என்பதை அந்த வீடு முடிவு செய்யட்டும். தேடலும் பள்ளிக்கூடமும் பிறந்தநாளும் ஒன்றாகவே நடக்கலாம் என்பதைப் பிள்ளைக்குக் காட்டினால் போதும்.

அடுத்த பிழை, பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுத் தாயை மறப்பது. பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு. மீதி நேரமெல்லாம் அம்மாவோடோ அம்மம்மாவோடோ. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, கடன்காரர் வாசலில் நிற்கிறாரா என்று கேளுங்கள். வறுமைக்காகப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கச் சொல்வது உதவி போலத் தெரியும். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு. அந்தக் குடும்பத்துக்கு வருமானம் வர வழி தேடுவதும் உளசமூகப் பணிதான். திருநீறு போட்டு, பார்வை பார்த்துப் பயம் தெளிவித்தால் கேலி செய்யாதீர்கள். பிள்ளையைப் புகையிலோ பட்டினியிலோ கட்டி வைத்தோ வதைக்காதவரை அந்த ஆறுதல் உங்கள் வேலைக்கு எதிரியல்ல.

ஒருநாள் முகாம், பலூன், பரிசுப் பொதி, படம் எடுத்தல்: தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு சிறு குழு அமையுங்கள்: எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், வாரம் ஒருமுறை அதே இடம், அதே நேரம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தொடங்க ஒரு பாட்டு, முடிக்க அதே பாட்டு. இரண்டு மாதமாவது நிற்க முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம். முடியும் திகதியை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கும் ஆசிரியர், வெடிச் சத்தத்துக்கு மேசைக்கடியில் போன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்பு. இவற்றுக்குச் செலவில்லாத மாற்று உண்டு. கோயில் திருவிழா வெடியை முன்கூட்டி அறிவியுங்கள். கதவு தெரியும் இருக்கையைக் கொடுங்கள். வெளியே போய்வர ஒரு சைகையைப் பேசி வையுங்கள்.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார் என்றால் சொல்லியே ஆகவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. உண்டென்றால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாப்பாடு, தண்ணீர், பேச்சு நின்ற பிள்ளையையும் உடனே காட்ட வேண்டும். ஒரு மாதம் கடந்தும் குறையாத கனவு, பயம், பள்ளி மறுப்பு இருந்தாலும் காட்டுங்கள். துன்புறுத்தல் பற்றி அறிவிக்க இலங்கையில் 1929, உளநல உதவிக்கு 1926.