கொடிமலையைப் பார்த்து மேக அடித்தளத்தைச் சரிபார்க்கும் முறை

வானூர்தி ஓட்டப் பழகுபவர்கள், வண்ணப்படம் காட்டும் செயலிகளை நம்புவதைவிட, மெட்டார் என்னும் விமான நிலைய வானிலை அறிக்கையை எழுத்தெழுத்தாகப் படிக்கப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. பென்சிலும் காகிதமும் போதும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஒரு மாதம் 15ஆம் தேதி காலை ஏழேகாலுக்கு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலைய அறிக்கையில் '142300' என்றிருந்ததைக் கண்டு, நேற்றிரவு 11 மணிக்கு எடுத்தது என ஒதுக்கிவிட்டேன். முதல் இரண்டு இலக்கங்கள் தேதி, மற்றவை நேரம். இரண்டுமே உலகப் பொது நேரப்படி எழுதப்படுபவை. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முந்தியது என்பதால், நான் ஒதுக்கியது அன்று காலை 7 மணிக்கு எடுத்த புத்தம் புதிய அறிக்கை. நமக்குக் காலை 8 மணி ஆகும்வரை அதில் முந்தின நாள் தேதிதான் இருக்கும்.

அடுத்து, '30/24' என்பதுபோல் சாய்கோட்டுடன் வரும் எண்கள். முன்னது வெப்பநிலை, பின்னது பனிப்புள்ளி, அதாவது காற்று எவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ அந்த அளவு. மேலெழும் காற்று 1,000 அடிக்குச் சுமார் 3 டிகிரி குளிர்கிறது. பனிப்புள்ளியோ அரை டிகிரிதான் இறங்குகிறது. ஆகவே இரண்டுக்குமான இடைவெளி 1,000 அடிக்கு இரண்டரை டிகிரி சுருங்குகிறது. அது முற்றும் சுருங்கும் உயரத்தில்தான் மேகம் உருவாகத் தொடங்கும். ஒரு டிகிரிக்கு 400 அடி என்று வைத்துக்கொள்ளலாம். 6 டிகிரி இடைவெளிக்கு மேக அடித்தளம் 2,400 அடி.

இப்போது அதே தீவிலுள்ள கொடிமலையை நிமிர்ந்து பாருங்கள். அதன் உயரம் 833 மீட்டர், ஏறத்தாழ 2,730 அடி. கணக்குப்படி உச்சி மறைந்திருக்க வேண்டும். ஆனால் ஒருநாள் மேகம் உச்சியைத் தொடாமல் மேலே நின்றதைக் கண்டு குழம்பிப்போனேன். மெட்டார் முழு டிகிரியாகத்தான் எழுதும். இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் அரை அரை டிகிரி விலகினால் 400 அடி பிசகும். மேலும், தரைச் சூட்டில் எழும் திரள்மேகங்களுக்கு மட்டுமே இக்கணக்கு பொருந்தும். மழைக்குப்பின் படரும் அடுக்குமேகங்களுக்குப் பொருந்தாது.

அதே இடைவெளி தரையிலேயே இல்லாமற்போனால் மூடுபனி. மாலை மழையில் நனைந்த தரை, இரவில் தெளிந்த வானம், அடங்கிய காற்று ஆகிய மூன்றும் கூடிய விடியலில் '24/24' என்று கண்டால், வெயில் ஏறும்வரை காத்திருங்கள். பார்வைத்தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தால்தான் அது மூடுபனி. அதற்கு மேல் 5,000 மீட்டர்வரை மென்பனி.

பின்சேர்க்கை: '31/22' என்றிருந்தும் எதிரே ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடைவெளி அவ்வளவு அகலமாக இருந்தால் அது பெரும்பாலும் புகைமூட்டம்; வெயில் ஏறினாலும் கலையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.