மாசம் 199 டாலர்தானே என்று கையெழுத்துப் போடும் முன்: எலெக்ட்ரிக் கார் லீஸில் நடக்கும் தவறுகள்

போன சனிக்கிழமை எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் தோசைக்குக் காத்திருந்தபோது, நியூஜெர்சிக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி போனை நீட்டினான். “அண்ணா, மாசம் 199. எலெக்ட்ரிக். பெட்ரோல் செலவே கிடையாது. நாளைக்குப் போய் எடுத்துடலாம்னு இருக்கேன்.” விளம்பரத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கையெழுத்திடும்போது 3,999 டாலர் என்று இருந்தது.

2019 டிசம்பரில் நான் பார்த்ததும் இதே மாதிரி ஒரு வரிதான். அன்றைக்கு அதைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதுவரை மூன்று எலெக்ட்ரிக் கார்களை லீஸ் எடுத்து, அதாவது வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்து, ஓட்டிவிட்டேன். வேலைக்குப் போக, பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட, மாதம் ஒருமுறை பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு, அவ்வளவுதான் என் ஓட்டம். லைசென்ஸ் வாங்கு, டெஸ்ட் டிரைவ் போ, நாலு டீலரிடம் விலை கேள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப விழும் குழிகள் மட்டும் இங்கே.

முன்பணம்

இதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் புத்திதான் இதற்குக் காரணம். சென்னையில் வாடகை வீடு பிடித்தவனுக்கு அட்வான்ஸ் என்றால் என்ன? பத்து மாத வாடகையைக் கொடுத்துவைப்பான். காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடித்தது போக மீதி திரும்பி வரும். கடனில் கார் வாங்கினாலும் முன்பணம் வீணில்லை, அந்த அளவுக்குக் கார் உன்னுடையதாகிறது, வட்டியும் குறைகிறது. இந்த இரண்டு நினைப்பையும் சுமந்துகொண்டு லீஸ் மேஜையில் உட்காருகிறோம். லீஸில் முன்பணம் திரும்பியும் வராது, காரில் உனக்குப் பங்கும் தராது. 36 மாத வாடகையில் ஒரு பகுதியை முதல் நாளே கட்டுகிறாய், அவ்வளவுதான்.

அன்று நான் எடுத்தது நிசான் லீஃப், 40 கிலோவாட் மணி பேட்டரி, முழு சார்ஜில் 150 மைல் என்று அரசாங்க மதிப்பீடு. டீலர் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை நான்கு கட்டமாகப் பிரித்து எழுதினார்கள். மாசம் 279 என்று போட்டுவிட்டு விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் முகம் சுளித்தேன். உடனே 279-ஐ அடித்து 179 என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 3,600 என்று போட்டார். என்னமோ நூறு டாலர் தள்ளுபடி வாங்கிவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன். 3,600-ஐ 36-ஆல் வகுக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். பொறியியல் படித்தவன் நான்.

பத்து வாரம் கழித்து, 2020 பிப்ரவரியில், ரூட் 1 நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த டிரக் நிற்கவில்லை. எனக்குக் கழுத்து வலியோடு போயிற்று. காரை டோட்டல், அதாவது இனிப் பழுதுபார்த்துப் பயனில்லை என்று இன்சூரன்ஸில் எழுதிவிட்டார்கள்.

காரை இழுத்துப் போட்டிருந்த யார்டுக்குச் சாமான் எடுக்கப் போனேன். ஈஸீ-பாஸ் அட்டை, பிள்ளையின் குடை, கராஜ் ரிமோட். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் வர மறுத்தார், வீட்டுச் சாவியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுகூட, கட்டிய 3,600 மீதி வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இது. காரின் உரிமையாளர் லீஸ் நிறுவனம், ஆகவே இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்குப் போகிறது. எலெக்ட்ரிக் காரின் சந்தை மதிப்பு முதல் வருடத்திலேயே சரிந்துவிடும். என் காருக்கு இன்சூரன்ஸ்காரர் போட்ட மதிப்பு, லீஸ் நிறுவனத்துக்கு வரவேண்டிய பாக்கியைவிட 900 டாலர் குறைவு. லீஸ் ஒப்பந்தத்திலேயே இருந்த இடைவெளிக் காப்பீடு அந்த 900-ஐக் கட்டிக் கணக்கை முடித்தது. அதை ஆங்கிலத்தில் கேப் என்பார்கள். முன்பணத்துக்கு ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரோ கேப் காஸ்ட் ரிடக்‌ஷன். தமிழில் எழுதினால் இரண்டு கேப்பும் ஒன்றுபோல் இருக்கின்றன, ஆனால் முதலாவது என்னைக் காப்பாற்ற வந்தது, இரண்டாவது என்னிடமிருந்து போனது.

ஒரு பைசா முன்பணம் கொடுக்காமல் எடுத்திருந்தால்? பாக்கி சுமார் 3,300 டாலர் அதிகமாக இருந்திருக்காதா என்று கேட்பீர்கள். மொத்தப் பள்ளமே 4,200 இருந்திருக்கும், அதையும் அதே இடைவெளிக் காப்பீடுதான் கட்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு நூறு நூறாகக் கூடுதலாகக் கட்டியிருப்பேன், மிச்சம் 3,300 என் வங்கிக் கணக்கில் இருந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், நான் என் சொந்தப் பணத்தைக் கொட்டிக் காப்பீட்டுக்காரரின் செலவைக் குறைத்திருக்கிறேன்.

பதிலுக்கு எனக்குக் கிடைத்த லாபம் என்ன? லீஸில் வட்டியை மணி ஃபாக்டர் என்ற குட்டி எண்ணால் சொல்வார்கள். அது 0.0025 என்று வைத்துக்கொண்டால், 3,600 டாலர் முன்பணம் மாதம் 9 டாலர் வட்டியைக் குறைக்கும். மூன்று வருடத்துக்கு 324. அதற்காக 3,300 டாலரை நடுரோட்டில் நிறுத்திவைத்தேன்.

ஆகவே தம்பிக்குச் சொன்ன கணக்கு: 3,999-ல் முதல் மாத வாடகையும் அடக்கம், மிச்சம் 35 மாதத்துக்கு 199. மொத்தம் 10,964. அதை 36-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 305. உன் கார் மாசம் 199 இல்லை, 305. அதுவும் வரி சேர்க்காமல். டீலரிடம் போனதும் முதல் வாக்கியமாக, முன்பணம் பூஜ்யம், அப்போது மாசம் எவ்வளவு என்று கேள். முதல் மாத வாடகையும் பதிவுக் கட்டணமும் மட்டும் கையில் கொடு. மாசம் 305 கட்ட முடியாது என்றால் அந்தக் கார் உனக்கு மலிவு இல்லை என்று அர்த்தம், முன்பணம் கொடுத்தாலும் அது மலிவாகாது.

மனைவிக்கு இந்த 3,300 கதை இன்றுவரை முழுசாகத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

7,500 டாலர் வரிச்சலுகை வரும் என்று நம்புவது

வராது.

2022 ஆகஸ்டில் வந்த சட்டத்தால், லீஸ் காருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை லீஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவர்கள் விருப்பப்பட்டால் நமக்கு வாடகையில் குறைப்பார்கள், குறைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வட அமெரிக்காவில் அசெம்பிள் ஆகாத கார்களுக்கு, வாங்கினால் கிடைக்காத சலுகை லீஸ் வழியாகக் கிடைத்ததால், கொரியாவிலிருந்து வந்த ஹுண்டாய், கியா எல்லாம் அப்போது கூட்டமாக லீஸுக்குப் போயின. 2025 செப்டம்பர் 30-ஓடு அந்தச் சலுகையே முடிந்துபோனது. ஆனால் 2023-ல் எடுத்த யூடியூப் வீடியோக்கள் முடியவில்லை, அவற்றைப் பார்த்துவிட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். சலுகை இருந்த காலத்திலேயே என் சகலை லீஸ் எடுத்துவிட்டு, மார்ச் மாதம் வரித் தாக்கலில் அந்த 7,500-ஐத் தானே கேட்கலாம் என்று காத்திருந்தார். லீஸ் எடுத்தவன் கேட்க முடியாது, கார் அவன் பெயரில் இல்லை. அவருடைய டீலரோ வாடகையிலும் குறைத்திருக்கவில்லை.

நியூஜெர்சியில் வரி இல்லை என்ற பழைய கதை

முன்பு எலெக்ட்ரிக் காருக்கு இங்கே விற்பனை வரியே கிடையாது. 2024 அக்டோபரில் பாதி வரி வந்தது, 2025 ஜூலை 1 முதல் முழு 6.625 சதவீதம். லீஸுக்கு அதை மாதாமாதம் வாங்காமல் ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு வாங்குவார்கள். போதாக்குறைக்கு 2024 ஜூலை முதல் எலெக்ட்ரிக் காருக்கென்று வருடாந்தரத் தனிப் பதிவுக் கட்டணம், 250 டாலரில் தொடங்கி 2028 வரை ஆண்டுக்குப் பத்து பத்தாக ஏறும். புதுக் காருக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்குகிறார்கள். நீ எடுப்பதோ மூன்று வருட லீஸ். உன் விலைப்பட்டியலில் அதை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று விரலை வைத்துக் கேள்.

வட்டியைக் கேட்காமல் விடுவது

மணி ஃபாக்டரை 2,400-ஆல் பெருக்கினால் வருட வட்டி. 0.0025 என்றால் 6 சதவீதம். டீலர் அதில் 0.0004 கூட்டினால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது கிட்டத்தட்ட 1 சதவீதம். “வங்கி கொடுத்த எண் என்ன, நீங்கள் கூட்டிய எண் என்ன?” என்று கேட்டால் அறையில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். அந்த அமைதிக்காகவே கேட்கலாம்.

விசா தேதியைப் பார்க்காமல் 36 மாதம்

இதை உள்ளூர்க்காரர்கள் எழுதும் எந்தக் கட்டுரையிலும் பார்க்க முடியாது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாங்கிய காராக இருந்தால் விற்றுவிட்டுப் போகலாம். லீஸை நடுவில் முறித்தால் மீதி வாடகையில் பெரும்பங்கையும் அபராதத்தையும் கேட்பார்கள். 2023-ல் வேலை போன நண்பர் ஒருவர், 22 மாதம் பாக்கியிருந்த லீஸை யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று வாட்ஸாப் குழுவில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். சில நிறுவனங்கள் லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்ற விடும், சில விடாது. அவருடையது விடாத ரகம். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படி. ஐ-94 தேதிக்கு, அதாவது இந்த நாட்டில் தங்க அனுமதித்த கடைசி நாளுக்கு, அப்புறமும் ஓடும் லீஸ் என்றால் 24 மாதத்துக்குக் கேட்டுப்பார்.

10,000 மைல் போதும் என்பது

விளம்பர விலை பெரும்பாலும் வருடத்துக்கு 10,000 மைலுக்குத்தான். ஆபீஸுக்குப் போய்வர நாளைக்கு 50 மைல் என்றால், 230 வேலை நாளுக்கு 11,500. கோவில், காஸ்ட்கோ, பிள்ளையின் வகுப்பு இன்னும் சேரவில்லை. கூடுதல் மைலுக்கு 25 சென்ட் என்றால், வருடம் 3,000 மைல் கூடியவன் மூன்றாவது வருட முடிவில் 2,250 டாலர் செக் எழுதுவான். ஆரம்பத்திலேயே 12,000 அல்லது 15,000 கேட்டு வாங்குவது இதைவிட மலிவு.

ஸ்டிக்கரில் இருக்கும் ரேஞ்சை நம்புவது

ஜனவரியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில், ஹீட்டர் போட்டுக்கொண்டு போனால், முழு சார்ஜில் ஓடும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என் 150 மைல் லீஃப் அந்த ஒரே குளிர்காலத்தில் நூறு மைல் காட்டினாலே அதிகம். பின் சீட்டில் மாமியார் இருந்தார், ஹீட்டரையும் அணைக்க முடியாது.

சார்ஜ் எங்கே போடுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

முதலில் பார்.

சாதாரண 120 வோல்ட் பிளக்கில் மணிக்கு 3 முதல் 5 மைல்தான் ஏறும். இரவு முழுக்கச் செருகினால் 40 சொச்சம். அபார்ட்மெண்ட்டில் இருப்பவன் அந்தப் பிளக்கும் இல்லாமல் வால்மார்ட் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொது இடத்து வேகச் சார்ஜருக்குக் கொடுக்கும் காசைக் கணக்கிட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். தம்பி இருப்பதும் அபார்ட்மெண்ட்தான். மேனேஜரிடம் கேட்டாயா என்றேன். “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா” என்றான்.

பெயின்ட் பாதுகாப்பு, டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறித்தல்

டீலர் தலையில் கட்டப் பார்க்கும் இந்தக் கூடுதல் சமாச்சாரங்கள் வேண்டாம். கார் உன்னுடையதே இல்லை.

இன்சூரன்ஸ் விலை கேட்காமல் கையெழுத்து

லீஸ் நிறுவனம் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு லட்சம், விபத்துக்கு மூன்று லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு, அதாவது உன்னால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு, கேட்கும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு மாசச் செலவு ஏறும். டீலர் வாசலில் நின்றே போன் போட்டுக் கேள்.

திருப்பிக் கொடுக்கும் நாளை மறப்பது

எலெக்ட்ரிக் கார் கனமானது, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பாயும். இரண்டும் சேர்ந்து டயரைத் தின்னும். திருப்பிக் கொடுக்கும்போது டயர் பள்ளத்தின் ஆழம் அரைக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி, அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம். குறைந்தால் தேய்ந்த டயருக்கு அவர்கள் விலையில் பில் வரும். அதோடு கார் திருப்பிக் கொடுப்பதற்கென்றே முந்நூறு, நானூறு டாலர் கட்டணம். ஒப்பந்தத்தில் முதல் நாளே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

என் இரண்டாவது லீஸில் கெடு முடிய இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு கால் டாலர் காசைத் தலைகீழாக டயர் பள்ளத்தில் செருகிப் பார்த்தேன். காசில் இருக்கும் வாஷிங்டனின் உச்சந்தலை முழுசாகத் தெரிந்தது, பள்ளம் போதவில்லை என்று அர்த்தம். வெளிக் கடையில் முன் டயர் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டேன், பரிசோதனைக்கு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் நிமிர்ந்தார்.