மானிட்டருக்கு ரீகால் நோட்டீஸ் வந்துவிட்டதா? முதல்முறை கையாளுபவர்களுக்கு ஒரு செய்முறை

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் "ரீகால் என்றால் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கம்பெனிக்காரங்க வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க சார்." சாஃப்ட்வேர் கோளாறுக்காக வரும் ரீகாலில் பெரும்பாலும் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நோயாளியின் இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் அந்த மானிட்டர் அதே கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கும். வருவது ஒரு கடிதம் மட்டும்தான். அந்தக் கடிதம் வந்த நாளுக்கும், திருத்திய சாஃப்ட்வேர் ஏறும் நாளுக்கும் நடுவில் சில வாரங்கள் போகலாம், சில மாதங்களும் போகலாம். அதுவரை அந்த மானிட்டரில் நோயாளிகள் இருப்பார்கள். அந்த இடைப்பட்ட நாட்களை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

கையில் வேண்டியவை: கடிதத்தின் நகல், ஒரு நோட்டு, டார்ச் லைட், மஞ்சள் நிற டேப், கிடைத்தால் ஒரு பேஷன்ட் சிமுலேட்டர் (நோயாளிக்குப் பதிலாக இ.சி.ஜி. போன்ற சிக்னல்களைத் தரும் கருவி). டார்ச் எதற்கு என்று இரண்டாவது படியில் தெரியும்.

படி 1: கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்

தலைப்பில் "ரீகால்" என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். "அர்ஜென்ட் மெடிக்கல் டிவைஸ் கரெக்‌ஷன்" என்றோ "ஃபீல்டு சேஃப்டி நோட்டீஸ்" என்றோ இருக்கும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. கணக்கில் மெஷினைத் திரும்ப எடுப்பதும் ரீகால்தான், இருந்த இடத்திலேயே சரிசெய்வதும் ரீகால்தான்.

அடுத்து கிளாஸ் எண்ணைப் பாருங்கள். புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் இது. ரீகாலில் கிளாஸ் 1 என்றால்தான் ஆபத்து அதிகம்: உயிருக்கே ஆபத்தோ கடுமையான பாதிப்போ வர நியாயமான வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். கிளாஸ் 2 என்றால் தற்காலிகமான, சரிசெய்யக்கூடிய பாதிப்பு வரலாம், கடுமையான பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு. கிளாஸ் 3 என்றால் பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதே எஃப்.டி.ஏ. கருவிகளை வகைப்படுத்தும்போது வரிசை தலைகீழ். அங்கே கிளாஸ் 1 கருவி என்றால் அபாயம் குறைவு, கிளாஸ் 3 என்றால் அதிகம். நம் நாட்டில் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி ஏ, பி, சி, டி என்று போகும், அதில் டி தான் உச்சம். "கிளாஸ் 1 தானே, சும்மா இருக்கும்" என்று ஃபைலில் போட்டு மூடிய கதைகள் உண்டு.

இன்னொன்று. நிறுவனம் முதலில் கடிதம் அனுப்பும், எஃப்.டி.ஏ. பிறகுதான் கிளாஸ் எண்ணைத் தரும். அந்த எண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 2: மெஷின்களை எண்ணுங்கள்

சொல்வதற்கு ரொம்பச் சாதாரணம். என் அனுபவத்தில் அதிக நேரம் தின்பது இதுதான்.

கடிதத்தில் மாடல் பெயர், சீரியல் நம்பர்களின் வரிசை, சாஃப்ட்வேர் வெர்ஷன் ஆகிய மூன்றும் இருக்கும். முதல் இரண்டும் மானிட்டரின் முதுகில் ஒட்டிய லேபிளில் கிடைக்கும். மானிட்டர் சுவரோடு ஒட்டி மாட்டப்பட்டிருக்கும், லேபிள் சுவரைப் பார்த்திருக்கும். டார்ச் இதற்குத்தான். போனை உள்ளே நீட்டி போட்டோ எடுத்துக்கொண்டால் எண்ணைத் தப்பாக எழுதும் பிரச்சினை இல்லை. அதே லேபிளில் யூ.டி.ஐ. என்ற, கருவியை அடையாளம் காட்டும் பார்கோடு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெர்ஷன் லேபிளில் இருக்கும் என்று நம்பாதீர்கள். லேபிள் தொழிற்சாலையில் ஒட்டியது. நடுவில் யாராவது சர்வீஸுக்கு வந்து சாஃப்ட்வேரை மாற்றியிருக்கலாம். மானிட்டரின் மெனுவில், பெரும்பாலும் சர்வீஸ் அல்லது சிஸ்டம் தகவல் பகுதியில், ஓடும் வெர்ஷன் தெரியும். ஒவ்வொரு மெஷினிலும் அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஒரே நாளில் வாங்கிய பத்து மானிட்டர்களில் மூன்று வெர்ஷன்கள் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஐசியுவோடு நின்றுவிடாதீர்கள். ஆபரேஷன் தியேட்டர் ரெகவரி, லேபர் வார்டு, டயாலிசிஸ், ஆம்புலன்ஸ், ஸ்டோர் ரூம் பீரோ, வாடகைக்கு எடுத்தவை, டெமோவுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவை என்று எல்லாவற்றையும் பாருங்கள்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினாலும் ஏமாறுவோம். சீனாவின் கான்டெக் நிறுவனம் தயாரிக்கும் சி.எம்.எஸ்.8000 என்ற மானிட்டர், எப்சிமெட் எம்.என்.-120 என்ற வேறு பெயரிலும் விற்கப்படுகிறது. உள்ளே ஒரே சரக்கு. பட்டியலில் "கான்டெக்" என்று தேடி, இல்லை என்று நிம்மதியாக இருந்தால் இரண்டாவது பெயரில் இருப்பது தப்பிவிடும்.

சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மெஷினிலும் கண்ணில் படும் இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டி, தேதி எழுதுங்கள்.

படி 3: எஃப்.டி.ஏ. தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்

டீலர் வழியாக வரும் கடிதம் சில சமயம் தாமதமாகும், சில சமயம் வராமலே போகும். எஃப்.டி.ஏ.வின் மருத்துவக் கருவி ரீகால் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. 2002 நவம்பரிலிருந்து வகைப்படுத்திய ரீகால்கள் அதில் கிடைக்கும். நிறுவனத்தின் பெயரையோ மாடலையோ இட்டுத் தேடுங்கள்.

ஒரு பதிவைத் திறந்தால் ஏகப்பட்ட வரிசைகள். மூன்றை மட்டும் கவனியுங்கள். ஒன்று, ரீகாலுக்கான காரணம். இரண்டு, நிறுவனம் என்ன செய்யச் சொல்கிறது. மூன்று, எஃப்.டி.ஏ. முடிவு செய்த மூலக் காரணம். அங்கே "சாஃப்ட்வேர் டிசைன்" என்று இருந்தால், கேபிளையோ சென்சாரையோ மாற்றி இந்தக் கோளாறு போகாது என்று புரிந்துகொள்ளலாம்.

படி 4: எது கெடும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

கடிதத்தின் மொழி சுற்றி வளைத்துப் பேசும். அதை வார்டு சிஸ்டருக்குப் புரியும் ஒரே வரியாக மாற்றுங்கள். "அலாரம் அடிக்காமல் போகலாம்." "சென்ட்ரல் ஸ்டேஷன் திரை உறைந்துபோகலாம்." இப்படி. (எல்லாக் கட்டில்களின் மானிட்டர்களையும் ஒரே இடத்தில் காட்டுவதுதான் சென்ட்ரல் ஸ்டேஷன்.) அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் கடிதம் இன்னும் புரியவில்லை.

மானிட்டர் அணைந்துபோனால் யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. பார்க்க ஒழுங்காக இருந்துகொண்டே வேலை செய்யாமல் இருப்பதுதான் பொல்லாதது. ஒரு ராத்திரி ஷிஃப்டில் (எந்த மருத்துவமனை, எந்த மெஷின் என்பது வேண்டாம்) ஒரு சிஸ்டர் எனக்கு போன் செய்தார்: "கோடெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா மணி மட்டும் நகரலை." போய்ப் பார்த்தால் சென்ட்ரல் ஸ்டேஷனில் எட்டு நோயாளிகளுக்கும் அழகான இ.சி.ஜி. கோடு. மூலையில் மணி 2:17. சுவர்க் கடிகாரத்தில் 2:41. இருபத்து நான்கு நிமிடமாக அந்தத் திரை ஒரு போட்டோவாகத்தான் இருந்திருக்கிறது. அன்று முதல் எங்கள் செக்லிஸ்டில் முதல் வரி "திரையில் மணி ஓடுகிறதா?"

வெளியே பதிவான உதாரணங்களையும் பாருங்கள், கோளாறு எத்தனை விதமாக வரும் என்று புரியும்.

சி.எம்.எஸ்.8000 பற்றி அமெரிக்காவின் சிசா என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பும் எஃப்.டி.ஏ.வும் 2025 ஜனவரி 30 அன்று எச்சரித்தன. அந்த மானிட்டரின் சாஃப்ட்வேரிலேயே ஒரு ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கணினியின் விலாசம்) பதிக்கப்பட்டிருந்தது. அந்த முகவரி தயாரிப்பாளருடையதும் அல்ல, எந்த மருத்துவமனையுடையதும் அல்ல, ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றது சிசா. நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்கள், வழக்கமாக பிரிண்டருக்குப் பயன்படும் 515 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாக, மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் அங்கே போகக்கூடிய நிலை. அங்கிருந்து கோப்புகளை இழுத்து மானிட்டரில் இருப்பதன் மேல் எழுதவும் வழி இருந்தது. பிறகு கிளாரோட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து, இது வேண்டுமென்றே வைத்த கள்ளவாசலாகத் தெரியவில்லை, மோசமான வடிவமைப்புதான், அந்த முகவரி பயனர் கையேட்டிலேயே இருக்கிறது என்றது. இருக்கலாம். கதவு திறந்து கிடந்தது என்னவோ உண்மை. கவனியுங்கள், இது முதலில் ரீகாலாக வரவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கையாகத்தான் வந்தது. அதனால்தான் "ரீகால்" என்ற சொல்லை மட்டும் தேடக்கூடாது என்கிறேன்.

2020 ஜனவரியில் ஜி.இ. ஹெல்த்கேரின் சில சென்ட்ரல் ஸ்டேஷன்கள், டெலிமெட்ரி சர்வர்கள் (கம்பியில்லாமல் வரும் நோயாளித் தகவலைச் சேர்க்கும் கணினிகள்), மானிட்டர்கள் பற்றி வந்த எச்சரிக்கை இன்னொரு ரகம். எம்.டி.ஹெக்ஸ் என்று பெயரிட்ட ஆறு ஓட்டைகளை சைபர்எம்.டி.எக்ஸ். நிறுவனம் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்று, பல மெஷின்களில் ஒரே ரகசியச் சாவி இருந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுச்சாவி போட்ட மாதிரி. உள்ளே நுழைந்தவர் அலாரத்தை ஊமையாக்கவும் முடியும்.

மூன்றாவது, 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. கிளாஸ் 1 என்று அறிவித்தது. பிலிப்ஸின் நடமாடும் இதயக் கண்காணிப்புச் சேவை. நோயாளி உடம்பில் மாட்டிய கருவி சரியாகத்தான் பதிவு செய்தது. நடுவில் இருந்த சாஃப்ட்வேரில் ஒரு அமைப்பு தவறாக இருந்ததால், 2022 ஜூலை முதல் 2024 ஜூலை வரை சில இ.சி.ஜி. நிகழ்வுகள் பார்த்துச் சொல்ல வேண்டிய டெக்னீஷியனுக்குப் போய்ச் சேரவில்லை. 109 பேருக்குப் பாதிப்பு, 2 மரணங்கள் என்று பதிவானது. இரண்டு வருடம்!

படி 5: திருத்தம் வரும்வரை என்ன செய்வது

முதலில் கடிதம் சொல்வதைச் செய்யுங்கள். சி.எம்.எஸ்.8000 விஷயத்தில் எஃப்.டி.ஏ. சொன்னது நல்ல பாடம். தொலைவிலிருந்து கண்காணிக்க அதை நம்பியிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, பயன்பாட்டை நிறுத்துங்கள். கட்டில் பக்கத்தில் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வைஃபையை அணைக்க முடியாத நிலையில் தொடர்ந்து பயன்படுத்தினால் அந்த ஓட்டையும் தகவல் கசியும் அபாயமும் அப்படியே இருக்கும்.

கேபிளைக் கழற்றும் முன் ஒரு விஷயம். கழற்றியதும் அந்தக் கட்டில் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து மறைந்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இனி அந்த நோயாளி தெரியமாட்டார். ஆகவே சிஸ்டர் இன்சார்ஜிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அந்தக் கட்டிலுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் அப்போதே பேசி எழுதிவிடுங்கள். கவலைக்கிடமான நோயாளியைப் பாதிக்கப்படாத மானிட்டருக்கு மாற்றுவது முதல் வேலை. கையில் இருக்கும் நல்ல மானிட்டர்கள் யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நாம் செய்ய வேண்டாம்.

ஷிஃப்ட் மாறும்போது இந்தத் தகவல் தொலையும். ஒப்படைப்பு நோட்டில் எழுதினாலும் தொலையும். மெஷின் மேல் ஒட்டிய மஞ்சள் டேப்பில் நாலாவது படியில் எழுதிய அந்த ஒரு வரியை எழுதி வைத்தால் தொலையாது.

படி 6: அப்டேட் போட்டபின் சோதியுங்கள்

இன்ஜினியர் வந்து, பென் டிரைவைச் செருகி, "முடிஞ்சது சார்" என்று கையெழுத்துக் கேட்பார். உடனே போடாதீர்கள். அப்டேட்டுக்கு முன்னாலேயே அலாரம் எல்லைகள், அலாரம் ஒலி அளவு, கட்டில் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அப்டேட் முடிந்ததும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லைகள் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பியிருக்கக்கூடும். பச்சிளங்குழந்தைகள் வார்டில் பெரியவர்களுக்கான எல்லை ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அலாரத்தைச் சோதிக்க லீடை (உடம்பில் ஒட்டும் இ.சி.ஜி. வயரை) பிடுங்கிப் பார்ப்பது பலரின் பழக்கம். அது போதாது. லீடைப் பிடுங்கினால் "லீட் ஆஃப்" என்ற தொழில்நுட்ப அலாரம்தான் வரும். இதயம் நின்றால் வர வேண்டிய அலாரம் வேறு. சிமுலேட்டரில் 80 துடிப்பு வைத்து, அங்கிருந்து நேராக அசிஸ்டோலுக்கு, அதாவது இதயம் நின்ற நிலைக்கு, மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன நேரத்துக்குள் அலாரம் வருகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷனிலும் ஒருவரை நிறுத்தி, அங்கேயும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

சிமுலேட்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரி என்றால் ஒரு எளிய வழி. நோயாளி இல்லாத மானிட்டரில் பல்ஸ் ஆக்சிமீட்டர் கிளிப்பை உங்கள் விரலில் மாட்டுங்கள். 97 காட்டுகிறது என்று வையுங்கள். ஆக்சிஜன் கீழ் எல்லையை 98க்கு உயர்த்துங்கள். அடிக்க வேண்டும். இதே வித்தையை நாடித்துடிப்பு எல்லையிலும் செய்யலாம். சோதித்து முடிந்ததும் எல்லையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, அடுத்த நாள் வார்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் சரி என்றால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் பழைய வெர்ஷன், புதிய வெர்ஷன், சீரியல் நம்பர் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: பதில் அனுப்புங்கள், நடந்ததைப் புகாரளியுங்கள்

கடிதத்தோடு ஒரு பதில் படிவம் இருக்கும். உங்களிடம் அந்த மாடல் ஒன்றுகூட இல்லை என்றாலும் "இல்லை" என்று நிரப்பி அனுப்புங்கள்.

கோளாறால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டாலோ, மயிரிழையில் தப்பினாலோ அதைத் தனியாகப் புகாரளிக்க வேண்டும். இந்தியாவில் இதற்காக 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற மருத்துவக் கருவிப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, சிஸ்டரும் டெக்னீஷியனும் சொல்லலாம். திரையைப் போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, மானிட்டரை அணைக்காமல் வைத்தால் உள்ளே இருக்கும் பதிவுகள் அழியாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். நோயாளியை முதலில் வேறு மானிட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் இதெல்லாம்.

ஃபைலை மூடும்முன் இரண்டாவது படியில் எடுத்த எண்ணிக்கையையும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளையும் வைத்து எண்ணிப் பாருங்கள். பதினெட்டு டேப் ஒட்டியிருந்து பதினேழு ரிப்போர்ட்தான் இருக்கிறது என்றால், அந்த ஒன்று அநேகமாக ஆம்புலன்ஸில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் ஸ்டோர் பீரோவின் அடித்தட்டில் பாருங்கள்.