என்எஃப்எல் சாலரி கேப்: அணிகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில், ஓர் அணி ஒரு வருடத்தில் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகையின் உச்சவரம்புதான் சாலரி கேப். 2025 சீசனுக்கு அது 27.92 கோடி டாலராக இருந்தது. ஒரு வருடக் கணக்கை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். அந்தச் சுமை எந்த வருடத்தின் தலையில் போய் விழுகிறது என்பதைப் பார்க்காமல் விடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

ரீஸ்ட்ரக்சர் (சம்பளத்தைப் போனஸாக மாற்றி ஒப்பந்தத்தைத் திருத்துவது) என்றால் கேப்பில் மிச்சம் என்று நினைப்பது பெரிய தவறு. அது வெறும் தள்ளிப்போடல். ஒப்பந்தம் போடும்போது தரும் சைனிங் போனஸ் வீரரின் கைக்கு முன்கூட்டியே போய்விடும். கேப் கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து ஏறும், அதிகபட்சம் 5 ஆண்டு. உதாரணமாக, 5 ஆண்டு ஒப்பந்தம், போனஸ் 2.5 கோடி டாலர்: வருடத்துக்கு 50 லட்சம். இரண்டாம் வருடம் அடிப்படைச் சம்பளம் 2.12 கோடி. அதில் 12 லட்சத்தை மட்டும் விட்டுவிட்டு 2 கோடியைப் போனஸாக மாற்றினால், மீதமுள்ள 4 வருடங்களுக்கும் கூடுதலாக 50 லட்சம் வீதம் ஏறும். இந்த வருடம் 1.5 கோடி குறைந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூன்றாம் வருட முடிவில் அவரை நீக்கினால், இன்னும் கணக்கில் ஏறாத போனஸ் மொத்தமும் டெட் மணியாக வந்து நிற்கும்: 2 கோடி. ரீஸ்ட்ரக்சர் செய்யாமல் இருந்திருந்தால் 1 கோடியோடு போயிருக்கும். முப்பதைத் தாண்டிய, காயம் அடிக்கடி வரும் வீரருக்கு இதைச் செய்வது கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது மாதிரிதான். வாய்ட் இயர் சேர்ப்பதும் இதே கதை: ஆடாத வருடங்களுக்கும் போனஸ் பிரிந்திருக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் மிச்சம் அத்தனையும் ஒரே வருடத்தில் இறங்கும்.

அவசரப்பட்டு ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் அப்படித்தான். டென்வர் பிராங்கோஸ் அணி 2022இல் தன் வீரர் ரஸ்ஸல் வில்சனுக்கு 24.5 கோடி டாலருக்கு 5 ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. அப்போது பழைய ஒப்பந்தத்திலேயே 2 வருடம் பாக்கி இருந்தது. நீட்டிப்பு தொடங்க வேண்டிய 2024லேயே அவரை வெளியே அனுப்பினார்கள். டெட் மணி ஏறத்தாழ 8.5 கோடி, 2024இல் 5.3 கோடி, 2025இல் 3.2 கோடி எனப் பிரிந்தது.

இப்படி இரண்டு வருடத்துக்குப் பிரிக்க உதவுவது ‘போஸ்ட் ஜூன் 1’ விதி, அதாவது வீரரை ஜூன் 1க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்கில் கொள்வது. வருடத்துக்கு 2 வீரர்களுக்கு மட்டும் இந்த முத்திரையை முன்கூட்டியே குத்தலாம், டிரேடுக்கு (வீரரை வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பதற்கு) இது செல்லாது. பலர் மறப்பது இதை: மார்ச்சில் நீக்கினாலும் ஜூன் பிறக்கும் வரை அவருடைய முழுத் தொகையும் கேப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பணத்தை நம்பி மார்ச் ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் எடுக்கும் காலத்தில்) ஆள் எடுக்க முடியாது.

ஆஃப் சீசனில் அதிகத் தொகை உள்ள 51 வீரர்கள் மட்டுமே கணக்கில் வருவதால் இடம் தாராளமாகத் தெரியும். சீசன் தொடங்கியதும் முதன்மைப் பட்டியலின் 53 பேர், பிராக்டிஸ் ஸ்குவாட் (பயிற்சிக்கு வைத்திருக்கும் கூடுதல் வீரர்கள்), காயப்பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் ஏறுவார்கள். 2025இல் பிராக்டிஸ் ஸ்குவாட்டின் 16 பேருக்கு, வாரம் 13,000 டாலர் வீதம் 18 வாரத்துக்கே 37 லட்சம் ஆனது. அதற்கு மேல் நடு சீசனில் காயத்துக்கு மாற்று ஆள் வேண்டும். கேப்பைக் கடைசிச் சல்லி வரை ஆகஸ்டிலேயே செலவழித்த அணிக்கு, அக்டோபரில் மறுபடியும் ரீஸ்ட்ரக்சர்தான் வழி.

கடைசி இடங்களை நிரப்பும்போதும் தேதியைப் பார்க்க வேண்டும். 4 சீசன் முடித்த வீரர் முதல் வார ஆட்டத்தன்று 53 பேர் பட்டியலில் இருந்தால், பிறகு நீக்கினாலும் அந்த சீசனின் அடிப்படைச் சம்பளத்தை அவர் கேட்டு வாங்க முடியும். அதனால்தான் சந்தேகத்துக்குரிய மூத்த வீரரைச் சில அணிகள் முதல் வாரம் முடிந்த பிறகே சேர்க்கின்றன.