கட்டிலில் தொங்கும் நோட்டு

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டையும் பில்லையும் கொடுத்தார்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் ராஜபாளையத்தில் வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிறவள், அளவு எழுதாமல் துணியில் கத்தரி வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் 192 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது படுத்துவிட்டால் முதலில் இதைச் செய்யுங்கள்.

பக்கத்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், எந்தப் பக்கம் புரட்டியது, சாப்பாடும் தண்ணீரும், சிறுநீரும் மலமும், பிரஷரும் மாத்திரையும். நீல மையில் எழுதுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். டாக்டர் நமக்குத் தரும் மூன்று நிமிடத்தில் சிவப்பு வரிகளைப் படித்துக் காட்டினால் போதும். "நான்கு நாளாக மலம் போகவில்லை" என்பது நினைவில் இருந்து சொன்னால் மூன்றாகும், ஐந்தாகும். நோட்டு மாற்றிச் சொல்லாது.

புரட்டுவதுதான் பெரிய வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். காற்று மெத்தை வாங்கிவிட்டோமே என்று விட்டுவிடக் கூடாது, அதன் மேலும் புரட்டத்தான் வேண்டும். இடது, மல்லாக்க, வலது என்று மாற்றி மாற்றி. முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு மெத்தையில் குத்தும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைவாகக் கொடுத்துப் பாதி சாய்வாகப் படுக்கவையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது முதுகின் அடி, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை எல்லாம் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப்போய் மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். சிவப்பு மையை எடுங்கள், அந்தப் பக்கம் படுக்கவைக்காதீர்கள். வந்து பார்க்கிறவர்கள் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், டியூப் மாதிரி வளையம் வைக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் நைந்துபோகும்.

உடுப்பைப் பற்றி ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன். நைட்டியின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்துவிட்டு, கழுத்தில் ஒன்றும் தோளுக்குக் கீழே ஒன்றுமாக நாடா வையுங்கள். முடிச்சு பக்கவாட்டில் விழ வேண்டும். முதுகின் அடியில் தடித்த தையலோ பித்தானோ மடிப்போ இருக்கக் கூடாது, ஒரு விரல் மொத்தத் தையல் ஓர் இரவில் தோலில் கோடு போட்டுவிடும். மாட்டும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். தூக்கி உட்காரவைக்க விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும். முதல் வாரத்தில் நான் அப்படித்தான் இழுத்தேன், அத்தை முகம் சுளித்ததை வலி என்று புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆயிற்று.

வீல் சேரில் மாற்றும்போது நல்ல கால் இருக்கும் பக்கம் வண்டியை நிறுத்தி பிரேக் போடுங்கள். மற்றதைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் படித்துக் கற்கிற வேலை அல்ல அது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், பிரஷர், சுகர் மாத்திரையும் தருகிறார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள், ஊட்டியபின் அரை மணி நேரமாவது சாயவிடாதீர்கள். ரசம் சாதம் எளிது என்று நினைப்போம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அதுதான் கஷ்டம், ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். குழைந்த சாதத்தில் பருப்போ கெட்டித் தயிரோ ஊற்றி ஒரே பதமாக மசித்துக் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, குரல் நீரில் கொப்பளிப்பது போல் வருகிறது என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். காலையில் ஊட்டிய இட்லி மதியம்வரை அங்கே ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு போனால் புத்தி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அத்தை எதற்கும் "தட்டு" என்பார். தண்ணீர் வேண்டும் என்றாலும் தட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் தட்டு. "என்ன வேண்டும்?" என்று கேட்காமல் "தண்ணீர் வேண்டுமா?" என்று கேளுங்கள், தலையாட்ட முடியும். பேச முடியாதவருக்கும் எண்ணுவது, பாட்டு, திட்டு மூன்றும் தப்பிப் பிழைத்திருக்கலாம். அத்தை பத்துவரை எண்ணுவார், நன்றாகத் திட்டுவார். காரணமில்லாமல் அழுவதும் நோயின் வேலையாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது, அதற்கு மருந்து உண்டு. இரண்டில் எதுவானாலும் சிவப்பில் எழுத வேண்டியதுதான்.

ஏழாவது மாதம் ஒரு நாள் மூன்றாவது முறையாகப் பாயை மாற்றிக்கொண்டிருந்தபோது அத்தை இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நோட்டில் ஆறாவது கட்டம் போட்டேன். தலைப்பு: நான். அதில் தூங்கிய மணி, சாப்பிட்டேனா, கத்தினேனா என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. இந்தக் கட்டத்தை நீங்கள் முதல் நாளே போடுங்கள். கை மிஞ்சப் போகிறது என்று தெரிந்தால் கம்பியைத் தூக்கிவிட்டு வெளியே போய்விடுங்கள். பேச ஆள் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல ஆலோசனை எண், எந்நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

அந்த ஒரு வாரக் கணக்கைப் படம் எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கும் சிவகாசியில் இருக்கும் கொழுந்தனுக்கும் அனுப்பினேன். அதுவரை நாத்தனார் போனில், "மதினி, உங்களை மாதிரி யார் பார்ப்பார்கள்?" என்பாள். அந்தப் புகழ்ச்சியில் ஒரு புரட்டல்கூடக் குறையாது. உதவி வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள். "மாதத்தின் இரண்டாம் சனி இரவும் ஞாயிறு பகலும் உன்னுடையது" என்று நாத்தனாரிடம் சொன்னேன். கொழுந்தன் டயப்பர் செலவை ஏற்றுக்கொண்டான். என் கணவருக்கு மில்லில் பகல் ஷிப்டு என்றால் இரவு 12 மணியும் 2 மணியும் அவருடையது.

நாத்தனார் முதல் முறை வந்த ஞாயிறு காலை நான் எட்டு மணிக்கு எழுந்து நோட்டைப் பார்த்தேன். "2 மணி: இடது பக்கம். 4 மணி: அலாரம் கேட்கவில்லை, 4.40க்கு வலது பக்கம். 6 மணி: அம்மா என்னைத் திட்டினாள்." கடைசி வரியைச் சிவப்பில் எழுதியிருந்தாள்.