கேப்பர் மலைச் சரிவில் கல் வரப்பு

கடலூர் கேப்பர் மலைப் பக்கம் எங்கள் நிலம் செம்மண்ணும் சரளையுமாக ஒரே சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து ஓடிவிடும். ஜேசிபி வைத்து மொத்தத்தையும் மட்டமாக வெட்டிவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. மேல்மண்ணைப் புதைத்துவிட்டு அடிச்சரளையில் எதை நடுவது?

அதனால் சரிவின் குறுக்கே கல் வரப்பு கட்டி, நிலத்தைப் படிப்படியாக்கினோம். முதலில் மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவித்தோம். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, ஒரே உயரமுள்ள இடங்களில் முளையடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோடு வளைந்து வளைந்துதான் போகும். அதை நேராக்கக் கூடாது. கோட்டின் மேல் அரையடி ஆழம் தோண்டி, பெரிய கற்களை அடியில் பதித்தோம். இரண்டு கல் சேருமிடத்தின் மேல் அடுத்த கல் உட்கார வேண்டும். சுவர் மேட்டுப் பக்கம் லேசாகச் சாய வேண்டும். சிமெண்ட் வேண்டவே வேண்டாம், தண்ணீர் கசிந்து வெளியேற வழி வேண்டுமே! சுவருக்குப் பின்னால் பொடிச் சரளை, அதன்மேல் குவித்து வைத்த மண். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடிக்கு ஒருமுறை நனைத்துக் கெட்டித்தோம்.

வரப்போரம் வெட்டிவேர். அதன் வேர் நேராகக் கீழே இறங்கும், முந்திரிக் கன்றோடு போட்டிக்கு வராது. மிஞ்சும் தண்ணீருக்குக் கல் பாவிய கலங்கல் விட்டோம். இந்த மழையில் அதில் வழிந்த தண்ணீரில் பழைய செந்நிறம் இல்லை. அடுத்து, கீழ்ப்படியில் பலா நடப்போகிறோம்.